குக்கர் மூடிக்கு ஓர் இடம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் வடிகட்டியை எடுக்க மேல் அலமாரியைத் திறந்தேன். வடிகட்டி வரவில்லை. காலி ஐஸ்கிரீம் டப்பாக்கள் வந்தன, ஒவ்வொன்றாக, என் தலை வழியாக. எதற்கும் மூடி கிடையாது. மூடிகள் கீழே இழுப்பறையில் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. அவற்றுக்குப் பொருந்தும் டப்பா இந்த வீட்டில் இல்லை.

"இதெல்லாம் ஏம்மா வச்சிருக்க?"

"இருக்கட்டும். என்னைக்காவது ஆகும்."

அந்த 'என்னைக்காவது' வந்து சேரும் நாளில் அது உள்ளே நுழைய நாங்கள் நான்கு பேரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். இல்லை, மூன்று பேர். அக்காவுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. கை இன்னும் நான்கு என்றே எழுதுகிறது.

நூலகத்தில் புத்தகங்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் ஒரு வடிகட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தேநீரைத் தூளோடு குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மார்ச் 5, வியாழன்

அக்கா வந்திருக்கிறாள். ஒரு சூட்கேஸ் துணி, ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறையப் பாத்திரம்.

"கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா. 

கொஞ்ச நாள் இருக்க வருகிறவள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருவாளா? இந்தக் கேள்வியை வீட்டில் எல்லோரும் மிகுந்த நாகரிகத்துடன் கேட்காமல் இருக்கிறோம். பெட்டியைச் சமையலறை வாசலில் வைத்திருக்கிறோம். இப்போதைக்கு.

மார்ச் 8, ஞாயிறு

பெட்டி அங்கேயேதான் இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, உள்ளே போய் வருகிறோம். உடம்புக்கு நல்லது.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இடமில்ல இடமில்லன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. உள்ள போங்க, உள்ள போங்கன்னு ரெண்டு சத்தம் போட்டா இன்னும் பத்து பேர் நிக்கலாம்."

அந்த ரெண்டு சத்தத்தை அம்மாவைப் பார்த்துப் போட்டிருக்கலாம். ஓய்வு பெற்றவர், சொல்லக்கூடாது.

அக்காவைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பெட்டியிலிருந்து தன் கோப்பையை எடுக்கிறாள். தேநீர் குடிக்கிறாள். கழுவி, துடைத்து, திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறாள். ரயிலில் போகிறவள் மாதிரி. எந்த நிலையத்தில் இறங்கச் சொல்வார்களோ என்பது மாதிரி.

பெட்டிக்குள் ஒரு குக்கர் மூடி இருந்தது. குக்கரைக் காணோம்.

"குக்கர் எங்கக்கா?"

"அதுல சோறு இருந்துச்சு. கழுவி வச்சிருந்ததை மட்டும் எடுத்துட்டு வந்தேன்."

"சோத்தைக் கொட்டிட்டு எடுத்திருக்கலாம்ல?"

"அவங்க சாப்பிடணுமேடி."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டோம்.

மார்ச் 14, சனி

சமையலறைச் சீர்திருத்தம், முதல் நாள். வீட்டு ஒழுங்கு பற்றி மூன்று புத்தகம் படித்திருக்கிறேன். மூன்றின் அட்டையிலும் ஒரே வெள்ளைச் சமையலறை, நடுவில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். அங்கே யாரும் சமைத்ததாகத் தடயமே இல்லை.

கீழ் அலமாரியின் அகலம், உயரம், ஆழம் எல்லாம் அளந்து, இழுத்துத் திறக்கும் கம்பிக்கூடை ஒன்று வாங்கி வந்து பொருத்தினேன். சாய்த்துச் செருகியதும் அருமையாக உள்ளே போனது. வெளியேதான் வரவில்லை. கதவின் கீலில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்பா குனிந்து பார்த்தார். "அளந்தியேம்மா, கதவை அளந்தியா?"

"கதவைத் திறந்து வச்சுத்தான் அளந்தேன்."

"ஏறுற வழி பெருசா இருந்து என்ன, இறங்குற வழி இல்லையே."

கூடைக்குள் வெங்காயத்தைப் போட்டு வைத்திருந்தேன். இப்போது அது வெங்காயத்துக்குச் சிறைச்சாலை. மேலே கைவிட்டு ஒவ்வொன்றாக ஜாமீனில் எடுக்கிறோம்.

உண்மையில் இந்தச் சமையலறையில் இடம் இல்லாமல் இல்லை. கண்மட்டத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அகலமான அலமாரி இருக்கிறது. குனிய வேண்டாம், எக்க வேண்டாம். வீட்டிலேயே மிகச் சிறந்த இடம் அது. அதில் ஒரு பீங்கான் செட் குடியிருக்கிறது. தங்க விளிம்பு, நீலப் பூ. அக்காவின் மாமியார் வீட்டார் வந்தால் பரிமாறுவதற்காக அம்மா வாங்கியது. நான்கு வருடத்தில் அவர்கள் வந்தது இரண்டு முறை. இரண்டாம் முறை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். நாங்கள் தினமும் தின்கிற அரிசி, சிங்குக்கு அடியில் பினாயிலோடு இருட்டில் உட்கார்ந்திருக்கிறது.

அம்மா வாரத்துக்கு ஒருமுறை அந்த செட்டை இறக்கித் துடைத்து ஏற்றுகிறாள். எங்களுக்கு வாய்க்காத உபசரிப்பு.

மார்ச் 15, ஞாயிறு

செய்திருக்கக்கூடாது.

அம்மா மார்க்கெட்டுக்குப் போனதும் செட் முழுவதையும் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினேன். அலமாரியைத் துடைத்தேன். அக்காவின் பெட்டியை அவிழ்க்கப் போன நேரத்தில் அம்மா வந்துவிட்டாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அந்த வலிக்கிற முட்டியோடு. ஒவ்வொரு தட்டாக இறக்கி, காகிதத்தைப் பிரித்து, அதே இடத்தில் அதே வரிசையில் அடுக்கினாள்.

"அவங்க வந்தா எதுல போடுறது?"

"யாரும்மா வரப்போறா?"

ஏன் அப்படிக் கேட்டேன்? ஏன் அவ்வளவு சத்தமா கேட்டேன்? அக்கா ஹால்லதான் உக்காந்திருந்தா. எல்லாம் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி துணி மடிச்சிட்டு இருந்தா — ஒரே துண்டை, திரும்பத் திரும்ப.

ஓர் அலமாரிதான் காலி செய்யப் போனேன்.

மார்ச் 16, திங்கள்

வடிகட்டி இன்னும் கிடைக்கவில்லை.

மார்ச் 21, சனி

அக்கா பெண்கள் விடுதியில் ஓர் அறை பார்த்துவிட்டாள். ஒன்றாம் தேதி போகிறாளாம்.

"அங்க சமைக்க விடமாட்டாங்க. பாத்திரமே தேவையில்ல. கப் ஒண்ணு போதும்" என்றாள். குரலில் வருத்தமே இல்லை. பல் டாக்டரிடம் போகிறவளின் உற்சாகம். "பெட்டியை யாருக்காவது கொடுத்துடு. உனக்கும் நடக்க வழி கிடைக்கும்."

ஆக, இடப்பிரச்சினை தீர்ந்தது. அந்த மூன்று புத்தகங்களும் சொல்வது இதைத்தான்: முதலில் தேவையற்றதை வெளியேற்று. என் சீர்திருத்தத்தில் வெளியேறப்போவது அக்கா. ஐஸ்கிரீம் டப்பாக்கள் பத்திரமாக இருக்கின்றன.

அம்மா கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் அழுக்கே இல்லை.

அப்பா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "சொந்த ஊருக்கு வந்து இறங்குறவங்களைப் பாதி வழியில இறக்கிவிடக்கூடாது. ரூல்லயே கிடையாது."

மார்ச் 26, வியாழன்

வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மாவின் போன் அடித்தது. அக்காவின் மாமியார். இத்தனை நாளில் முதல் தடவை.

அம்மா போனைக் காதில் வைக்க மாட்டாள். முகம் பார்க்கும் கண்ணாடி போல எதிரே பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரில்தான் பேசுவாள். எடுப்பதற்கு முன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"சொல்லுங்க சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? மாப்பிள்ளை நல்லா இருக்காரா? எப்ப வர்றீங்க? நாங்க எதிர்பார்த்துக்கிட்டே—"

"வர்றதெல்லாம் இருக்கட்டுங்க. உங்க பொண்ணு குக்கர் மூடியை எடுத்துட்டுப் போயிட்டா. குக்கர் இங்க சும்மா கிடக்கு. இடத்தை அடைச்சிக்கிட்டு. யார்கிட்டயாவது மூடியைக் கொடுத்தனுப்புங்க."

அம்மா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா அறை வாசலில். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அந்தக் குக்கர்ல அன்னைக்குச் சோறு இருந்துச்சாமே" என்றாள் அம்மா.

"எது?"

"சாப்பிட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அம்மாவே தொடர்ந்தாள்.

"மூடி எங்கயும் வராதுங்க. அதுக்கு இங்க இடம் பார்த்து வச்சாச்சு. சும்மா கிடக்குதுன்னா குக்கரைக் கொடுத்தனுப்புங்க. அதுக்கும் இடம் இருக்கு."

வைத்துவிட்டாள்.

அது பச்சைப் பொய். மூடி அந்த நிமிடத்தில் அட்டைப்பெட்டிக்குள், மிக்ஸி ஜாருக்கு அடியில் கிடந்தது. அம்மாவுக்கும் அது தெரியும். அதனால்தானோ என்னவோ நேராகச் சமையலறைக்குப் போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

"ஏண்டி, மரம் மாதிரி நிக்கிறே? இதைப் பிடி."

தட்டுகள் இறங்கின. பரணுக்குத்தான் போகின்றன என்று ஸ்டூலை எடுத்தேன்.

"அங்க எதுக்கு? சிங்குல போடு. கழுவு. இன்னைக்கு இதுலதான் சோறு. தினமும் புழங்கினா அதுக்கு எதுக்கு அலமாரி? சாப்பிடுற நேரம் கையில, மத்த நேரம் காயிற கூடையில."

மூன்று புத்தகங்களில் ஒன்றில்கூட இது இல்லை.

அக்கா நகரவில்லை. அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "உன் சாமானை நீதான் அடுக்கணும். எது எங்க வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த விடுதிக்காரிக்குப் போன் பண்ணி, வரலைன்னு சொல்லிட்டு வா முதல்ல."

"அம்மா, நான்—"

"அடுப்புல பருப்பு இருக்கு. சீக்கிரம்."

அப்பா ஹாலிலிருந்து குரல் கொடுத்தார். "உள்ள போம்மா, உள்ள போ. உள்ள இடம் இருக்கு." சத்தம் வீட்டையே தூக்கியது. ஓய்வு பெற்றவர் என்று யார் சொன்னது?

மார்ச் 27, வெள்ளி

அட்டைப்பெட்டியை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். பத்திரமாக மடித்து வைத்திருப்பாள் என்று கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினேன். இந்த வீட்டிலிருந்து வெளியே போன முதல் காலிப்பெட்டி.

ஏப்ரல் 5, ஞாயிறு

குக்கர் வரவில்லை. வராது. மூடி கண்மட்டத்தில், கண்ணாடிக்குப் பின்னால், மிக்ஸிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறது. அதனால் எந்தப் பயனும் இல்லை. அதை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

தங்க விளிம்புத் தட்டு ஒன்றை அப்பா உடைத்துவிட்டார். எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். "போகட்டும், இடம் மிச்சம்" என்றாள்.

கம்பிக்கூடையில் வெங்காயம் இன்னும் தண்டனை அனுபவிக்கிறது. வடிகட்டி கிடைத்தது: அரிசி டிரம்முக்குள் இருந்தது. ஏன் என்று கேட்டு என் மனநிம்மதியைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சமையலறையிலிருந்து அம்மாவின் சத்தம்.

"யாருடி இது கப்பைக் கழுவாம சிங்குல போட்டது? இது என்ன ஹோட்டலா?"

எட்டிப் பார்த்தேன். அக்காவின் கோப்பை. அடியில் தேநீர்த் தூள், பக்கத்தில் எறும்பு.

"அப்புறம் கழுவறேன்மா" என்று அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. எழுந்து வரவில்லை.

அம்மா வெகுநேரம் திட்டிக்கொண்டிருந்தாள். நன்றாக இருந்தது.