டெய்சி நின்ற இடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியலிலிருந்து மழை. துவைத்தது எதுவும் காயவில்லை.

நான் வேலையில் இருந்தபோது ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் என்னைக் கேட்டாள்: "டீச்சர், கப்பலுக்குக் கண்ணு இல்லியே, ஹேவ்லாக் தீவுக்குப் போற வழி எப்படித் தெரியும்?" வழி கேப்டனுக்குத் தெரியும்; முன்னால் காவல் நிற்பவர் பாறை இருந்தால் சொல்வார், அவ்வளவுதான் என்றேன். இன்று ஜெசி நாயை வைத்து அதையே சொன்னாள்.

ஜெசி (இனி ஜெ.) மெயின்லாண்டிலிருந்து தீவுக்கு வந்த வழிகாட்டி நாய்ப் பயிற்சியாளர். கூட்டி வந்திருப்பது டெய்சி, கறுப்பு லாப்ரடார். பார்வை போன என் வீட்டுக்காரர், இவருக்காக. கடைக்குப் போ என்றால் டெய்சியே கூட்டிப்போகும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். எங்கே திரும்புவது, எந்த பஸ், எல்லாம் இவர்தான் சொல்ல வேண்டும். குழி, கம்பம், வண்டி என்றால் அது நிற்கும்.

இத்தனை வருஷம் கையைப் பிடித்து நான்தான் கூட்டிப்போனேன். இவருக்கு வழி தெரியுமா?

இருவரும் சேர்ந்து நடக்கப் பழகாவிட்டால் டெய்சி திரும்பிப் போய்விடும். வெள்ளிக்கிழமை முடிவு.

வாங்க: கொசுவத்தி, இவருக்குச் சொட்டு மருந்து, குடைக்கம்பி சரிசெய்ய.

ஆகஸ்ட் 5

இவருக்கு வழி தெரிகிறது. எங்கள் பேட்டை புரோத்ராபூர் முழுக்க. மாவு மில் சத்தம் வந்ததும் இடது, பேக்கரி வாசனை வந்ததும் பஸ் நிறுத்தம். எனக்குச் சந்தோஷமா?

சிக்கல் நான்தான். டெய்சி அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்க்கிறது. நான் செருமினால் நிற்கிறது. ஜெ. கெஞ்சினாள்: "ஆன்ட்டி, அது வேலையில இருக்கு. கூப்பிடாதீங்க." வகுப்பு ஜன்னலுக்கு வெளியே அம்மா நின்றால் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. எத்தனை அம்மாக்களைக் கேட்டுக்கு வெளியே போகச் சொல்லியிருப்பேன்.

இரவு ரசம், அப்பளம்.

ஆகஸ்ட் 6

அபர்டீன் பஜார். கூட்டம், சேறு. துணிக்கடை பாய், "டீச்சர், குத்தா காட்டேகா க்யா?" என்றார். நாய் கடிக்காது என்றேன். உடனே பிஸ்கட்டை நீட்டினார். ஜெ. தடுத்ததில் அவருக்கு வருத்தம்.

கொஞ்ச தூரத்தில் டெய்சி சட்டென்று நின்றது. இவர் "ஃபார்வர்ட்" என்றார். அசையவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். குழி இல்லை, கல் இல்லை, வண்டி இல்லை.

"ஒண்ணுமில்லைங்க, போங்க" என்றேன்.

இவர் டெய்சியை முழங்காலால் நகர்த்திவிட்டு ஓரடி வைத்தார். கடையின் தார்ப்பாயைத் தாங்கும் இரும்புக் குழாய், நேராக நெற்றியில். ரத்தம்.

நான் குள்ளம். அந்தக் குழாய்க்குக் கீழே நிமிர்ந்தே போய்விடுவேன். டெய்சி என்னைவிடக் குள்ளம். அது இவர் உயரத்தைப் பார்த்திருக்கிறது.

காயத்தைத் துடைத்தபடி ஜெ. இவரைக் கேட்டாள், நாய் நின்ற பிறகும் ஏன் நடந்தீர்கள் என்று.

"நான் கப்பல்ல இன்ஜின் ரூம் ஆளும்மா. வெளிய என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. மேலேர்ந்து ஆர்டர் வரும், செய்வோம். வீட்ல டீச்சர்தான் மேல. இப்ப ரெண்டு பக்கமும் ஆர்டர் வருது. நான் எதக் கேக்குறது?"

ஜெ. என்னைப் பார்த்தாள். நான் பஞ்சைத் தேடினேன்.

ஆகஸ்ட் 7

தூறல். இவருக்குத் தலைவலி. மாத்திரை கொடுத்தேன்.

ஜெ. டெய்சிக்கு மாட்டும் சேணத்தை எடுத்தாள். வழக்கமாக வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும் டெய்சி, படுத்தே கிடந்தது. நேற்று அது சரியாக நின்றது, ஆனாலும் ஒதுக்கித் தள்ளினோம். இன்னும் இரண்டு தரம் இப்படி ஆனால் நிற்பதையே விட்டுவிடும், அப்புறம் அது வெறும் நாய்தான் என்றாள் ஜெ. நாளை நான் வர வேண்டாமாம்.

சரி என்றேன். உதவாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

குடைக்கம்பி மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில். இவரும் ஜெ.யும் டெய்சியும் பஜாருக்குக் கிளம்பிவிட்டார்கள். பெருக்கிய வாசலை மறுபடி பெருக்கினேன். சூரை மீன் குழம்பு. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கேட் வரை போனேன்.

மதியம் வந்தார்கள். முதலில் இவர் நெற்றியைத்தான் பார்த்தேன். புதுக் காயம் இல்லை.

அதே கடை முன்னால் டெய்சி தயங்கித் தயங்கி நின்றதாம். இவரும் நின்றாராம். கையைத் தூக்கித் துழாவிக் குழாயைத் தொட்டாராம். பிறகு சுற்றிக்கொண்டு போனார்களாம். டெய்சி இங்கேயே இருக்கட்டும் என்று ஜெ. சொல்லிவிட்டாள். நல்ல சேதிதான். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன், எதற்கென்று தெரியாமல்.

"என்ன டீச்சர், இன்னிக்கு யாருக்கும் பாடம் இல்லையா?" என்றார் இவர். பிறகு மெதுவாக, "நாளைக்கு நீயும் வா. நல்ல மீன் எதுன்னு டெய்சிக்குத் தெரியாதுல்ல."

போனால் என் வாய் சும்மா இருக்குமா?

ஒரு வழி தோன்றுகிறது. கண் தெரியாதவரோடும் அவர் நாயோடும் கடைத்தெருவுக்குப் போகும் யாரும் செய்து பார்க்கலாம்: வாயில் ஒரு கற்கண்டு போட்டுக்கொள். அது கரையும்வரை பேசாமல் பின்னால் நட.