குளக்கட்டில் ஜீப் ஏறவில்லை, மச்சான்

அன்பு மச்சான் காதர்,

உன் கப்றடியில், அந்த மண்மேட்டருகே நின்று சொல்லும் ஸலாத்தையே இங்கும் ஏற்றுக்கொள். நேரில் நின்று எதையும் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த உனக்கு அது தெரியும். அதனால் எழுதுகிறேன். ஊராரும் வாசிக்கட்டும். நில அளவைக் கந்தோரில் காலமெல்லாம் படம் கீறியவன் அல்லவா, முதலில் மூன்று விஷயத்தை வரிசையாய்ச் சொல்லிவிடுகிறேன்:

1. நம் ஊர் எலுவன்குளம் விருந்தாளிகளை ஏற்க ஒப்புக்கொண்டுவிட்டது.
2. நீ கடைசியாகக் கேட்டது காப்பாற்றப்பட்டிருக்கிறது.
3. யானைகளை உன்னளவு அறிந்தவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

யானை பார்க்க வில்பத்து பார்க்குக்குப் போகும் சுற்றுலா ஜீப்புகள் நம் வாசலைத் தாண்டிப் பறப்பதுதானே வழக்கம்? “யானைக்குக் கமரா தூக்குறாங்க, எங்களுக்குக் கை காட்டுறாங்க. நாங்களும் பார்க்கிட சாமான்தான் போல” என்று சொல்லிச் சிரிப்பாய். உள்ளே எரிந்தது எனக்குத் தெரியும். படுக்கையில் கிடந்தபோதும் என் கையைப் பிடித்து ஒன்றைத்தான் கேட்டாய்: குளக்கட்டில் ஜீப் ஏற விடாதே.

இந்த வருடம் நம் இளம் ஆட்கள் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். ஜீப் ஊர் எல்லையிலேயே நிற்கும். வருகிறவர்கள் நடந்து வந்து, நம் வீடுகளில் சோறு தின்று, நம் ஆட்களோடு போய் யானை பார்ப்பார்கள். ஊர் இரண்டாய்ப் பிரிந்தது. பயிரைத் தின்கிற யானைக்கு விருந்தாளி வேறா என்றார்கள் சிலர். எப்படியும் தின்னத்தான் போகிறது, அதைப் பார்க்க வருகிறவனால் நமக்கும் ஏதாவது கிடைக்கட்டுமே என்றார்கள் மற்றவர்கள்.

உன் மனைவிக்கு, என் தங்கச்சி ஹபீபாவுக்கு, இது வெறும் கதை இல்லை. போன போகத்தில் உன் வயலில் யானை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. யோசனை சரிவராவிட்டால் வயலை விட்டுவிட்டு மகனோடு புத்தளம் டவுனுக்குப் போவதென்று அவள் உடுப்பெல்லாம் அடுக்கி வைத்துவிட்டாள்.

நடைபாதையைப் படமாகக் கீறித் தரும் வேலை எனக்கு வந்தது. கோடு பிழையாகிவிடுமோ என்ற பயத்தில் ஏழு நாள், ஒவ்வொரு காலையும் நடந்து அளந்தேன். பள்ளிக்கூட மண்டபத்தில் படத்தை விரித்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு விருந்தாளிகள் குளக்கட்டு வழியாக நடந்துபோய் யானை பார்த்து, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன் திரும்ப வேண்டும். ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குக்கூட ஒரு பெருமை வந்தது.

கடைசிக் கதிரையிலிருந்து ஹபீபா எழும்பினாள்.

“நானா, அஸருக்குப் பொறகு நீங்க ஒருநாளாச்சும் குளக்கட்டுக்குப் போயிரிக்கீங்களா?”

எப்படிப் போவேன்? அது பெண்கள் குளிக்கும் நேரம். அந்த நேரத்தில் நம் ஊர் ஆண் எவனும் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. அதனால்தான் காலையில் அளந்தேன். அளந்து, கமரா தூக்கிய அந்நியர்களை நேரே குளிக்கும் துறைக்கே அனுப்பிவிட்டேன்! தலையாட்டியவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் படத்தைச் சுருட்டத் தொடங்கினேன். எல்லாம் முடிந்தது, தங்கச்சி டவுனுக்குப் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

சுருட்ட வேண்டாம் என்றாள். முன்னுக்கு வந்து படத்தில் விரலை வைத்தாள். அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் யானைகள் அக்கரை மருத மரத்தடியில் இறங்குமாம். காது கிழிந்தது முன்னால் வருமாம். கடல் காற்று பலமாக அடித்தால் வடக்கு மூலைக்குப் போய்விடுமாம். வருகிறவர்கள் துறைப் பக்கமே வரத் தேவையில்லை, துறை கண்ணில் படாத அக்கரை வயலில், உன் காவல் பரணிலிருந்து பார்க்கலாமாம்.

பின்னாலிருந்து ஒருவர் சீண்டினார்: “ஹபீபா ராத்தா, இதெல்லாம் காதர் நானா படிச்சுத் தந்த பாடமா?”

“அவருக்குப் படிச்சுக் குடுத்ததே நான்தான். குளிச்சிட்டு வந்து இண்டைக்கு எந்தப் பக்கம் எண்டு நான் செல்லாட்டி, மனுசன் பரணுக்கே போக மாட்டார்.”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது, மச்சான். எதிர்த்தவர்களும் சிரித்தார்கள். சிரித்தபடியே அவர்களும் யோசனைக்குக் கை உயர்த்தினார்கள்.

போன கிழமை முதல் விருந்தாளிகள் வந்தார்கள், கொழும்பிலிருந்து ஒரு கணவனும் மனைவியும். ஹபீபா அவர்களைப் பரணில் ஏற்றினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். காற்று மாறிவிட்டதே, வராமல் போனால் என்ன செய்வது என்று மேலே பார்த்துக் கேட்டேன். “இப்ப வரும்” என்றாள் அவள். வந்தது, காது கிழிந்தது முன்னால்! நானே சத்தம் போட்டுவிட்டேன். அந்த மனைவி என்னைப் பார்த்து உஷ் என்றார். பிறகு ஹபீபாவிடம், மிதிபட்ட இந்த வயல் யாருடையது என்று கேட்டார். யாரும் நமக்குக் கை காட்டவில்லை, மச்சான். கேள்வி கேட்டார்கள். அன்றிரவே அவள் அடுக்கிய உடுப்பைத் திரும்ப அலுமாரியில் வைத்தாளாம்.

அவளிடம் கேட்டுத்தான் பரணுக்குப் போனாய் என்பதை நீ ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை? வெட்கமா? அல்லது, கூடப் பிறந்த அண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாயா?

படத்தைப் புதிதாகக் கீறுகிறேன். இம்முறை நேரங்களையும் காற்றையும் அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வேன். அவளைக் கேளாமல் ஒரு கோடும் போடமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு. மேலே எழுதியவற்றில் முதலாவதும் இரண்டாவதும் சரி. மூன்றாவது பிழை.

உன் மச்சான்,
ஹபீபாவின் நானா