பதினொன்றும் சௌக்கியம்

இர்விங்
பிப்ரவரி 2, திங்கட்கிழமை

அன்புள்ள அஞ்சனாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், தொட்டியில் மீன் பதினொன்றும் சௌக்கியம். ஜெர்சிப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நான் வாயைத் திறந்தால் உன் அப்பா போனைப் பிடுங்கி எல்லாம் தானே செய்ததாகச் சொல்லிவிடுவார், முப்பது வருஷ எலக்ட்ரிகல் எஞ்சினியர் ஆயிற்றே. அதனால்தான் யாரும் குறுக்கே பேச முடியாதபடி காகிதத்தில் எழுதுகிறேன்.

போன குளிரில் கரண்ட் போய் நாலு மீன் செத்ததிலிருந்து நீ ஒரே பிடியாக நின்றாய். உங்களால இதெல்லாம் மேனேஜ் பண்ண முடியாதும்மா, செல்வராஜ் அங்கிள் க்ளினிக்ல வெச்சுக்கறேங்கறார், குடுத்துடு என்றாய். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டாய். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் நீ கல்யாணமாகிப் போன பிறகு, காலையில் விளக்கைப் போட்டதும் எனக்காக ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை முட்டுவது அந்த ஆரஞ்சுக் குண்டு கேசரி மட்டும்தான். அதையும் கொடுத்துவிட்டு நான் யார் முகத்தில் விழிப்பது? உன் அப்பா எட்டரை வரை எழுந்திருக்க மாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஐஸ் மழையில் கரண்ட் போயிற்று, தொட்டியில் குமிழி நின்றது. நீ அனுப்பிய பேட்டரிப் பெட்டியை அப்பா மாலை போடாத குறையாகத் தூக்கிவந்தார். பதினெட்டு பர்சென்ட்தான் இருந்தது. ஃபுல்லா சார்ஜ் பண்ணி வெச்சேனே என்று அவர் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். உனக்கு மட்டும் சொல்கிறேன், வெட் கிரைண்டர் சத்தம் அவருக்குத் தலைவலி என்பதால் மூன்று வாரமாக வீட்டுக்குப் பின்னால் பேட்யோவில் வைத்து அரைக்கிறேன், அங்கே ப்ளக் கிடையாது, அதனால் அந்தப் பெட்டியில் சொருகித்தான் இட்லிக்கு அரைத்தேன். திரும்ப சார்ஜ் போட மறந்தே போனேன்.

எஞ்சினியர் முதல் காரியமாகத் தொட்டி ஹீட்டரை அதில் சொருகினார். பெட்டியின் சின்னத் திரையில் இருநூறு வாட்ஸ் என்று வந்தது. கிரைண்டர் ஓடும்போதும் ஏறக்குறைய அதே நம்பர்தான் வரும், மாவு அரைபடுவதற்குள் பர்சென்ட் எவ்வளவு இறங்கும் என்று எனக்கு அத்துப்படி. பத்து நிமிஷத்தில் பேட்டரி பதினொன்று பர்சென்டுக்கு வந்துவிட்டது. ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு காற்று பம்பை மட்டும் சொருகினேன், திரையில் வெறும் நாலு. சூட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நகருங்கள் என்றேன். பூஜை அலமாரித் தீப்பெட்டியால் கேஸைப் பற்றவைத்து, ஜூஸ் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கித் தொட்டியில் மிதக்க விட்டேன். உன் கல்யாணத்துக்கு வாங்கிய பவானி ஜமக்காளத்தைத் தொட்டிக்குச் சுற்றிவிட்டேன், மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆறின பாட்டிலை எடுப்பதும் சுட்டதைப் போடுவதுமாக ஒரு மணி வரை ஓடினேன். அப்போது பேட்டரி செத்தது.

இரண்டு மணிக்குக் கேசரி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சனிக்கிழமை வரைக்குமாவது என்னோடு இரு என்று அதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு சொம்பை எடுத்தேன். தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று, காபி ஆற்றுகிற மாதிரி மொண்டு மொண்டு தொட்டியிலேயே ஊற்றினேன். உன் அப்பா ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கினார். அவ்வளவு உயரம் வேண்டாம், ஆறிப்போகும், ஒரு சாண் போதும் என்று அதட்டினேன். பாவம், மனுஷர் மறுபேச்சுப் பேசாமல் என்னோடு மாற்றி மாற்றி ஆற்றினார். மூன்றரைக்குக் கேசரி நிமிர்ந்தது. நாலே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. எண்ணினேன், பதினொன்று. நம்பிக்கையில்லாமல் உன் அப்பாவை எண்ணச் சொன்னேன், அவருக்கும் பதினொன்று. தோள் வலியில் கை தூக்க முடியாமல் ரெண்டு பேரும் சிரித்தோம்.

சனிக்கிழமை செல்வராஜ் இரண்டு பக்கெட்டும் வலையுமாக வந்தார். கதை முழுவதும் கேட்டார். மாமி, என் க்ளினிக்ல கரண்ட் போனா யாரு ஆத்துவா, இது உங்ககிட்டயே இருக்கட்டும் என்றார். காபி கொடுத்தேன், காலி பக்கெட்டோடு அனுப்பினேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்பதாகவும் இல்லை.

இருவரும் தீர்க்காயுசாக, நோய்நொடியில்லாமல் இருங்கள். உன் வீட்டுப் பேட்டரியை இன்றைக்கே சார்ஜில் போடு. கிரைண்டர் விஷயம் அப்பா காதுக்குப் போகக் கூடாது, பேட்டரிக் கம்பெனிக்கு நாலு பக்கம் கம்ப்ளெயின்ட் எழுதிக்கொண்டிருக்கிறார், அதை மட்டும் எப்படியாவது நீயே பேசி நிறுத்து.

இப்படிக்கு,
மீன் தொட்டியின் சொந்தக்காரி,
உன் அம்மா பர்வதம்