நீர் போட்ட விலக்கு

இன்று காலை கணினித் திரையில் நீர் எழுதிய நிரல் வரி ஒன்று கண்ணில் பட்டது. ஓரத்தில் உம் பெயர். நீர் இருந்திருந்தால் சிவகிரி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கே வந்து சட்டையைப் பிடித்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டீர்.

ராஜபாளையம் ரோட்டு மாடியறையில் நாம் இருவரும் சேர்ந்து எழுதிய ஆஸ்பத்திரி மென்பொருள் அது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பார்க்கும் சோதனை என் பங்கு. மருந்து எழுதும் எந்த மெத்தட், அதாவது நிரல் துண்டு, ஓடுவதற்கு முன்பும் என் இன்டர்செப்டர் குறுக்கே வந்து நிறுத்திப் பார்க்கும். ஆகாத மருந்தென்றால் எச்சரிக்கும். பனவடலிசத்திரத்துப் பெண் ஒருத்திக்கு எச்சரிக்கவில்லை. ஊசி போட்டதும் முகம் வீங்கி மூச்சுத் திணறினாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் விவரமானவள் என்பதால் பிழைத்தாள்.

மறுநாள் கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "செக்கிங் எழுதுனது அவருதான். அவருகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு நீர் டீயைக் குடித்தீர். புது மருந்துச் சீட்டு ஒன்றை எழுதிப் பார்த்தார்கள். எச்சரிக்கை ஒழுங்காக வந்தது. சில நேரம் வரும், சில நேரம் வராது, இவன் எழுதிய லட்சணம் அப்படி என்று முடிவுகட்டி என்னை அந்த வேலையிலிருந்து தூக்கினார்கள். அடுத்த மாதமே மாரடைப்பில் நீர் போனீர். உம் வீட்டு வாசலில் ஆளாளுக்குத் தங்கமான மனுஷன் என்றார்கள். நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் அதே கோளாறு இன்னொருவருக்கு வந்தது. மருந்துக்கடைப் பெண் அவருடைய பழைய ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்துத் தடுத்துவிட்டாள். வேறு ஆளில்லாமல் என்னையே கூப்பிட்டார்கள். இன்டர்செப்டர் எப்போதெல்லாம் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பதியவைத்தேன். புதுச் சீட்டுக்கு ஓடியது. பழைய சீட்டை அப்படியே திரும்ப எழுதும்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை; பனவடலிசத்திரத்துப் பெண்ணுக்கும் அன்று எழுதியது பழைய சீட்டுத்தான். சோதனைகள் ஓடும் வரிசை சரி, அமைப்புக் கோப்பு சரி. கடைசியில், பழைய சீட்டைத் திரும்ப எழுதும் மெத்தடின் தலைக்கு மேல் நீர் போட்ட விதி: இதற்குச் சோதனை வேண்டாம், விலக்கு. பழைய சீட்டு திறக்க நேரமாகிறது என்று டாக்டர் சத்தம் போட்டார் அல்லவா, அந்த வாரத்துத் தேதி. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது இது உமக்குத் தெரியும்.

ஆத்திரத்தோடு கீழே பார்த்தேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

நம் வழக்கம்தான். ஒருவர் மாற்றியதை மற்றவர் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. நாம் படித்ததே இல்லை. அன்றைக்கு உம் குரல்கூட நினைவிருக்கிறது. "சின்ன மாத்தம்தான் வே. நீரு ஒண்ணும் பாக்காண்டாம், ஓகே போடும்." சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் போட்டேன்.

மதியம் அறிக்கையில் இரண்டு பெயரையும் எழுதி அனுப்பிவிட்டேன். அதிலிருந்து யார் எதைச் சரிபார்க்க நீட்டினாலும் வரி வரியாகப் படிக்காமல் கை அசைவதில்லை, எரிச்சலில் திட்டுகிறார்கள். நாளை பனவடலிசத்திரம் போகிறேன். யார் செய்தது என்று அந்தப் பெண் கேட்பாள். நீர் மட்டும்தான் என்று சொல்ல முடிந்திருந்தால், உம்மை இந்நேரம் மன்னித்திருப்பேன்.