மலருக்குக் கொடுத்த பேப்பர் கப்

என் அன்பு மலரு,

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் உன் மகள் தேவி வீட்டோடு போய்விட்டார். உங்கள் வீட்டில் இப்போது ஒரு புதுக் குடும்பம். அந்தப் பெண் வேலைக்குப் போகிறவள். காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் கதவு திறக்கிறது. நல்ல பெண்தான். ஆனால் பின்பக்கச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு "அக்கா, இன்னிக்கி இன்னா கொழம்பு" என்று கேட்க அவளுக்கு நேரமில்லை.

இவர் சுரங்கத்து ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டால் பேச ஆளில்லை. விளக்கேற்றிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். அம்மன் கேட்கட்டும் என்பதைவிட, வீட்டில் ஒரு குரல் இருக்கட்டும் என்றுதான். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். பத்து நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் "கேக்குதாம்மா, கேக்குதாம்மா" என்பதிலேயே போய்விடுகிறது.

உன்னிடம் சொல்ல ஒரு சேதி சேர்ந்திருக்கிறது. எல்லோரும் படிக்கிற இடத்தில் இதை எழுத வேண்டுமா என்று இவர் கேட்டார். உனக்குச் செய்ததை எல்லோர் கண்ணெதிரிலும்தானே செய்தேன், சொல்வதை மட்டும் ஏன் ஒளித்துச் சொல்ல வேண்டும்?

முதலில் சின்னச் சேதி. அடுத்த வைகாசியில் இவருக்கும் ரிட்டையர்மெண்ட். பிறகு நாங்களும் இந்த வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குத்தான் போக வேண்டும். எதைக் குறைக்கலாம் என்று கணக்கு நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். கண்ணில் முதலில் பட்டது பேப்பர். சமையலறையில் சுருள் சுருளாகத் தொங்கும் டிஷ்யூ, சாப்பிட்டுக் கை துடைக்கிற பேப்பர், நாலு பேர் வந்தால் எடுக்கிற பேப்பர் தட்டு, பேப்பர் கப். மகன் படிக்கும்போது பழகிவிட்ட பழக்கம், அவன் போன பிறகும் போகவில்லை. சுரங்கப் பக்கத்துத் தூசி ஜன்னலில் படியாத நாள் இந்த ஊரில் ஏது? துடைத்துத் துடைத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கி, ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்து, தூக்கிப் போடுவது. ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றாலும் இந்தக் கணக்கு எனக்கு முன்னமே உறைத்திருக்க வேண்டும்.

இவருடைய பழைய வேட்டி இரண்டை எடுத்துச் சாண் சாணாக வெட்டினேன். ஓரம் மடித்துத் தைத்தேன். பூஜை அறைத் துணிக்கு மஞ்சள் நூல், அடுப்படிக்குச் சிவப்பு, சாப்பிடுகிற இடத்துக்கு நீலம். இவர் கையைத் துடைத்துக்கொண்டே துணியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என் வேட்டி இல்ல?"

"போன மாசம் வரைக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"பின்பக்கம் கிழிஞ்சு நிலா தெரிஞ்சுது. அதுவே சொல்லியிருக்குமேன்னு இருந்துட்டேன்."

நீ இருந்திருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். "அண்ணன் கொடில காயற வேட்டியக் காவல் காத்துக்கினு ஒக்காரணும்போலக்குது" என்று எதையாவது சேர்த்தும் இருப்பாய்.

முதல் வாரம் தவறு செய்தேன். விளக்குத் துடைத்த எண்ணெய்த் துணியை மற்றதோடு ஊறப் போட்டதில் எல்லாமே சிக்கு வாடை. அப்புறம் எண்ணெய்த் துணிக்குத் தனி வாளி வைத்து, சோடா மாவு போட்டுக் கொதிக்கவிட்டு, நல்ல வெயிலில் உலர்த்தினேன். இப்போது வாடை இல்லை. பேப்பர் தட்டுக்குப் பதில் பரணில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் இறங்கிவிட்டன. பேப்பர் கப்புக்குப் பதில் டம்ளர். மூன்று மாதமாக ஒரு பேப்பர் சாமானும் வாங்கவில்லை.

சின்னச் சேதி இவ்வளவுதான். இனிமேல் எழுதுவதற்குத்தான் இரண்டு வாரமாகக் கை வரவில்லை.

இத்தனை வருஷத்தில் பேப்பருக்கு மட்டும் எவ்வளவு கொடுத்திருப்போம் என்று பார்க்க ஆசை வந்தது. பழைய நோட்டுகளை எல்லாம் இறக்கினேன். டிஷ்யூ ஆரம்பித்தது மகன் காலேஜ் போன வருஷம். தட்டு, கொரோனா சமயத்தில். பேப்பர் கப்பைத் தேடிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். பதினாலு வருஷத்துக்கு முந்தைய நோட்டில், ஆனி மாதத்தில் வந்து நின்றது. 'பேப்பர் கப் ஐம்பது' என்று என் கையெழுத்து. அதற்கு முந்தின பக்கங்களில் பேப்பர் கப் என்ற வார்த்தையே இல்லை.

அதே பக்கத்தில் மேலே இரண்டு வரி தள்ளி இன்னொன்று எழுதியிருந்தேன். 'பக்கத்து வீட்டுக்குப் புதுசாக வந்தவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, பூ.'

அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வாடை வந்த பிறகுதான் எழுந்தேன்.

உனக்கு நினைவிருக்குமா? உன் வீட்டுக்காரர் கான்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆகி, உங்களுக்கு இந்தக் குவார்ட்டர்ஸ் கிடைத்த புதிது. நீ ஆணி அடிக்கச் சுத்தியல் கேட்டு வந்தாய். தேவி உன் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார் உன் ஊரைக் கேட்டார். நீ சொன்னாய். "ஊரா, காலனியா?" என்று அடுத்ததாகக் கேட்டார். நீ அதற்கும் சாதாரணமாகப் பதில் சொன்னாய். நான் உள்ளே டம்ளரில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அத்தை எழுந்து வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார். "அந்த டம்ளர எடுத்துக்கிட்டு எங்க போற?"

நான் வெளியே வந்து, பால் திரிந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். "பரவால்லக்கா, சுத்தி குடுத்தீங்களே, அது போதும்" என்றாய். மறுநாள்தான் அந்த ஐம்பது கப்.

இதெல்லாம் அத்தையின் வேலை என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் நோட்டு விடவில்லை. அத்தை போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். அந்த எட்டு வருஷ நோட்டிலும், அநேகமாக மாதாமாதம், பேப்பர் கப் இருக்கிறது. வாங்கியது யார்? டம்ளர் கழுவத் தண்ணீர் வேண்டாம், வேலை மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியானால் என் தங்கை வந்தபோதெல்லாம் டபரா செட் எப்படி இறங்கியது? வெள்ளிக்கிழமை அம்மன் பாட்டுப் பாட வருகிறவர்களுக்கு டம்ளர் கழுவ மட்டும் எனக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

என் தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டவள் நீ. மகனுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னோடு மூன்று நாள் கிடந்தவள் நீ. உன் தோளில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் உன் கையில் பேப்பர் கப்பைத்தான் கொடுத்தேன்.

நீ அதை எங்கள் வீட்டில் போட்டதே இல்லை. குடித்து முடித்ததும் நசுக்கிக் கையில் வைத்துக்கொண்டே போவாய். "குப்பத்தொட்டி எங்க வூட்லயும் இருக்குதுக்கா" என்பாய். என் வேலையைக் குறைக்கிறாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது.

உன் வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை, மலரு. நீ எதை நீட்டினாலும் அன்றைக்கு எனக்கு ஒரு விரதம் இருந்தது. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி. விரதமே இல்லாத புதன்கிழமையில் ஒருநாள் நீ கேழ்வரகு அடை சுட்டு வைத்துக்கொண்டு கூப்பிட்டாய். வயிறு சரியில்லை என்றேன். அம்மனுக்கு என்று நான் எடுத்த விரதத்தில் எத்தனை நாள் அம்மனுக்கு, எத்தனை நாள் உனக்குப் பயந்து? அதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை.

போன வாரம் தேவி வந்தாள். உன் முதல் வருஷப் படையலுக்கு அழைக்க. நோட்டைப் பார்த்த பிறகு உன் வீட்டு ஆட்களில் நான் பார்க்கிற முதல் முகம். உன் மூக்கு அப்படியே அவளுக்கு. உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா பெரியம்மா, கப்பு தீந்துபோச்சா?"

"நிறுத்திட்டேன் தேவி. வீண் செலவு."

"ஓ. செலவா."

குடித்து முடித்து, டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"வைடி அதை. நான் கழுவிக்கறேன்."

"அம்மா திட்டும் பெரியம்மா. அக்கா வூட்ல குடிச்சா நாம குடிச்சத நாமளே எடுத்தாந்துடணும், அவங்களுக்கு சங்கடம் வெக்கக்கூடாதுன்னு சொல்லிக்கினே இருக்கும்."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கழுவினாள். நான் நின்றேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா தேவி?"

"இன்னா தெரியுமா?"

"அந்தக் கப்பு. ஏன்னு."

தேவி சிரித்தாள். உன் சிரிப்பு இல்லை அது.

"எங்களுக்குத் தெரியாம இருக்குமா பெரியம்மா? நானே ஒருவாட்டி கேட்டேன், ஏம்மா அங்க போய் அதுல குடிக்கிறன்னு. அக்காவுக்கே இன்னும் தெரியலடி, தெரியறன்னிக்கி ரொம்ப கஷ்டப்படும், நீ வாயத் தொறக்காதன்னுச்சி. அதுக்கு அவ்ளோ மனசு. எனக்கு வராது. பத்தாவது படிக்கறப்பவே இங்க வர்றத நிறுத்திட்டேன். நீங்க பாத்தீங்களோ இல்லியோ."

பார்த்தேன். பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தேன்.

அவளிடம் என்ன சொல்வது? தப்பு செய்துவிட்டேன் தேவி என்றேன். அது ரொம்பச் சின்னதாகக் கேட்டது. அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைக்கத் துணி தேடினாள். நீல நூல் போட்டதை எடுத்துக் கொடுத்தேன். துடைத்தாள். "நல்லாத்தான் தெச்சிருக்கீங்க" என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடியபடியே சொன்னாள்.

"படையல் வெள்ளிக்கிழமை வருது பெரியம்மா. ஒங்களுக்கு வெரதமா இருக்கும். படத்துக்குப் பூ போட்டுட்டு போனீங்கன்னாகூட போதும். வர்ற ஜனம் எக்கச்சக்கம், எல்லாத்துக்கும் பேப்பர் கப்புதான் சொல்லியிருக்கு."

அவள் பஸ் ஸ்டாப்பைத் தாண்டித் திரும்புகிற வரை வாசலிலேயே நின்றேன். நான் வராமலிருக்கவும், வந்து சாப்பிடாமல் திரும்பவும் அவளே எனக்கு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதில் உன் நல்ல மனசும் இருந்தது. அவளுடைய கோபமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

உனக்குக் கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன் உதட்டை ஈரத்துணியால் தொட்டு வைத்தேன். அப்போது என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாய். கேட்கவில்லை. குனிந்து கேட்டிருக்கலாம். நர்ஸ் வெளியே போகச் சொன்னாள், போய்விட்டேன். அது இதைப் பற்றித்தானா, இல்லை அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த நினைப்பா? நீ எதையும் சிரித்தபடிதான் சொல்வாய். அன்றைக்கு நீ சிரிக்கவில்லை.

நேற்றுப் பூஜை அறையில் நின்று, அம்மனிடம் வெள்ளிக்கிழமை விரதம் இல்லை என்று சொன்னேன். அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து விடாமல் இருந்த விரதம். அவள் கோபித்துக்கொண்டால் அதை நான் தாங்கிக்கொள்கிறேன். இவரிடமும் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றார். சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமை வடக்குத்துக்கு வருகிறேன், மலரு. உனக்குப் பிடித்ததென்று அவர்கள் எதைப் படைத்தாலும், கருவாட்டுக் குழம்பே ஆனாலும், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். எனக்கென்று தனியாக எதுவும் எடுத்து வைக்க வேண்டாம் என்று தேவிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "சரி, வாங்க பாப்போம்" என்றாள். தேவி பேப்பர் கப்பில் தண்ணீர் நீட்டினாலும் வாங்கிக் குடிப்பேன். எதில் கொடுப்பது என்பது அவள் வீட்டில் அவள் முடிவு. குடித்து முடித்துவிட்டு, அவள் போகச் சொல்கிற வரை உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

நீ அக்கா என்று கூப்பிட்டாய் என்பதால் மட்டும்
உன் அக்கா,
ராஜேஸ்வரி