மைல் கல் ரூல்

4-2-56, சனி

கடும் பனி. மண்டியில் புளி வரத்து அதிகம், கணக்கு எழுதும் கை முழுக்கப் பிசுபிசுப்பு. நாளை சைக்கிள் சங்கத்தோடு சூளகிரி வரை. முதல் தடவை. ஞாயிறுதோறும் மணியடித்துக்கொண்டு போகிறவர்களை ஒரு வருஷமாக ஏக்கத்தோடு பார்த்தவன். இப்போது நானும் மெம்பர்.

வாங்க வேண்டியது: வேட்டிக்கு கிளிப், பொரி, வெல்லம். செயினுக்கு எண்ணெய்.

ஒரே கவலை. ஏறத் தெரியும், ஓட்டத் தெரியும். இறங்கத் தெரியாது. வண்டி உயரம், கால் குட்டை, நடுவில் தொந்தி. வீட்டு வாசலில் வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்து இறங்குவேன். மண்டியில் மூட்டை அடுக்கு. சம்சாரத்துக்கு மட்டும் தெரியும். "ரோடு பூரா உங்களுக்கு மரம் நட்டு வெச்சிருக்காங்களா?" என்கிறாள். சங்கத்துக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறும்.

5-2-56, ஞாயிறு

தொடை இரண்டும் கல். இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும்.

விடிகாலையில் கிளம்பினோம். முன்னால் கேப்டன் ரஹீம் பாய், ஜவுளிக்கடைக்காரர். அவர் ஓட்டுவதை நாளெல்லாம் பார்க்கலாம். முதுகு வளையவில்லை, ஹேண்டில் ஆடவில்லை, தொப்பிகூட அசையவில்லை. சங்கத்து வழக்கம்: ஒருத்தர் இறங்கினால் எல்லாரும் இறங்க வேண்டும். எனக்கு அதுதான் எமன்.

குருபரப்பள்ளி டீக்கடையில் எல்லாரும் இறங்கினார்கள். நான் கடையைத் தாண்டிப் போய் ஒரு புளியமரத்தைத் தழுவினேன். பாய் பார்த்தார்.

மேலுமலை ஏற்றம். பாதியில் முனிரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. ராகி விவசாயி, சங்கத்தின் வாய். அவர் இறங்க, எல்லாரும் இறங்கினார்கள். மரமில்லை, கல்லில்லை, ஒரு பக்கம் பள்ளம். வேறு வழி? மிதித்தேன். எல்லாரையும் தாண்டி மிதித்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. பின்னால் முனிரத்தினம்: "அடேங்கப்பா, கணக்குப்புள்ளயப் பாருங்க, எறங்காமயே ஏறுறாரு."

அவர்களுக்கு அது வீரம். எனக்கு உயிர்ப் பயம்.

பக்கத்தில் ஒரு வண்டி வந்தது. பாய். இறங்கியவர் மறுபடி ஏறி வந்திருக்கிறார். உச்சியில் எனக்கு முன் போய் இறங்கி, காலை ஊன்றி நின்றார். "தோளப் புடிச்சிக்கிட்டு எறங்குங்க," மெல்லத்தான் சொன்னார். இறங்கினேன். மற்றவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பாய் விலகிப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். பாயும் கொடுத்தார்.

சூளகிரியில் இட்லி சாப்பிடும்போது பாய் சொன்னார்: "இனிமே மைல் கல்லு இருக்கற எடத்துலதான் நிக்கணும். அப்பதான் எவ்ளோ தூரம் வந்தோம்னு தெரியும். சங்கத்து ரூலு."

முனிரத்தினம்: "இதென்ன புதுக் கூத்து?"

"கேப்டன் சொன்னா கேளுய்யா."

திரும்பும்போது நின்ற இடமெல்லாம் கல். கல்மேல் கால் வைத்து ராஜா மாதிரி இறங்கினேன். கண் கலங்கியது. வியர்வை துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன். என்ன மனுஷன்.

6-2-56, திங்கள்

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மண்டி முழுக்க மேலுமலைப் புகழ். கேட்கக் கூச்சம். பாயின் ரூலுக்குப் பின்னால் எத்தனை நாள் ஒளிவது? கற்றே தீருவது.

9-2-56, வியாழன்

பனி. ஏரிக்கரையில் சைக்கிளிலிருந்து இறங்கப் பழகுகிறேன். அடி: முழங்கை, முழங்கால், இடுப்பு. சம்சாரம் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "இத்தன நாளா மரம் பாவம்னேன். இப்ப ஒடம்பு பாவம்."

15-2-56, புதன்

மண்டி வாசலில் மூட்டையைத் தொடாமல் இறங்கினேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. வீட்டில் சொன்னேன். காபியில் சர்க்கரை கூடுதல்.

19-2-56, ஞாயிறு

ராயக்கோட்டைச் சாலை. வழியெல்லாம் மாம்பூ வாசம். மரமும் கல்லும் இல்லாத நட்ட நடு ரோட்டில் மணியடித்துவிட்டு, வலது காலைப் பின்னால் வீசி இறங்கினேன். வழக்கப்படி எல்லாரும் இறங்க வேண்டியதாயிற்று.

முனிரத்தினத்துக்குக் கோபம். "என்னா கணக்குப்புள்ள, ரூலு மறந்து போச்சா? கல்லு இன்னும் தூரம் இருக்குது."

பாய் திரும்பினார். தரையில் ஊன்றியிருந்த என் இரண்டு காலையும் பார்த்தார்.

"அந்த ரூல எடுத்தாச்சு முனிரத்தினம். இனிமே எங்க வேணா நிக்கலாம்."