பேர் போடாத பை

குஞ்சம்மா,

உன் ஆட்டைத் திவசம், முதலாம் வருசத் திவசம், வருகிறது. அதற்காக வீடு கழுவுகிறேன். இன்றைக்குக் காலமை குசினி அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கக் கதிரையில் ஏறினேன். நீ கம்பஸில் இருந்து கடைசியாகத் தூக்கி வந்த பை அங்கேயே இருக்கிறது. மரக்கறிக்கடைப் பச்சைப் பை, காது இரண்டையும் சேர்த்து நீ போடுகிற இரட்டை முடிச்சு. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அடியில் சின்னதாக ஒரு கிழிசல். அதற்குள்ளால் வறுத்த தூள் மணம் வந்தது. நானே வறுத்து, அரைத்து, சின்னச் சின்னப் பைக்கற்றில் போட்டுத் தந்த தூள். துணியைக் கையில் வைத்தபடி கதிரையிலேயே நின்றுவிட்டேன்.

அதுதான் எழுதுகிறேன். எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் சண்டை வந்தது, பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து இருந்தார்கள், அதோடு என் படிப்பும் சரி. எழுத்துப் பிழையைக் கண்டால் சிரி. திருத்தாதே.

இங்கே லண்டனில் நீ கம்பஸ் தொடங்கிய மாதம் ஒருநாள், "அம்மா, புதன்கிழமை வரப் பிந்தும், சங்கத்தில சேர்ந்திட்டன்" என்றாய். நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்குச் சங்கம் என்றால் சங்கக்கடைதான். ஊரில் கூப்பன் மட்டையோடு அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கிற கடை.

"அங்கயும் சங்கக்கடை இருக்கே? சீனி மலிவெண்டால் ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு வா."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அது தமிழ்ச் சங்கம் அம்மா. டான்ஸ், பொங்கல், விவாதம். சீனி இல்லை." கம்பஸ் முழுக்க இதைச் சொல்லி வைத்தாய் போல. பிறகு வீட்டுக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் வாசலில் நின்றே, "அன்ரி, சீனி வந்திட்டுது" என்று எனக்குப் பகிடி விட்டார்கள்.

இரண்டாம் வருசம் உன்னைத் தலைவி ஆக்கினார்கள். தலைவி என்றால் மேடையில் இருப்பாள், மாலை போடுவார்கள் என்று நான் அக்கம்பக்கம் எல்லாம் சொன்னேன். அந்தப் பொங்கல் விழாவுக்கு நான்தான் ரோல்ஸ் சுட்டுத் தந்தேன். நீ வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தாய்.

"அம்மா, ஒரு பிள்ளை ரோல்ஸைக் கடதாசியில சுத்திக் கைப்பைக்குள்ள வைச்சவ. ஆறு ரோல்ஸ்."

"ருசியெண்டால் வைப்பினம்தானே."

"ருசிக்கு ஒண்டு வைப்பினம். ஆறு வைக்கிறது பசி."

நான் நம்பவில்லை. அவ்வளவு காசு கட்டி வெளிநாட்டில் இருந்து படிக்க வருகிற பிள்ளைகளுக்கு என்ன பசி என்று கேட்டேன். அறை வாடகை போக ஒன்றும் மிஞ்சாது என்று சொன்னாய். வேறொன்றும் விளக்கவில்லை. அடுத்த கிழமை வந்து, நான் அரிசி அளக்கிற பால்பேணியை, அந்தச் சுண்டைக் கேட்டாய். "ஒரு ஆளுக்கு ஒரு கிழமைக்கு எத்தினை சுண்டு காணும் அம்மா?" ஆறு என்றேன். கையில் எழுதிக்கொண்டாய்.

பிறகு உன் கொமிற்றிப் பிள்ளைகள் ஏழு பேர் எங்கள் முன்னறையில் கூடினார்கள். பையில் என்ன போடுவது, எந்த அறையில் வைப்பது, போஸ்ரர் அடிப்பதா என்று ஒரே சத்தம். நான் தேத்தண்ணி கொண்டு வந்து வந்து பார்த்தேன். எல்லாரும் கதைத்தார்கள். நீ மட்டும் நிலத்தில் குந்தி இருந்து காலுறை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் போன பிறகு கேட்டேன்.

"நீதானேடி தலைவி? ஏன் வாய் திறக்கேல்ல?"

"நான் முதல் கதைச்சால் மற்றவை ஓம் எண்டுடுவினம் அம்மா. பிறகு அவையின்ர மனசில என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாமல் போயிடும்."

அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. உன் வயதில் நான் யார் சொன்னாலும் ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படித்தான் புதன்கிழமை மேசை வந்தது. சங்க அறையில், பசிக்கிற பிள்ளை எடுத்துப் போகட்டும் என்று கட்டி வைத்த பைகள்: அரிசி, பருப்பு, ரின்மீன், என் தூள். அதற்கு நீங்கள் வைத்த பெயர் சங்கக்கடை. நான் விட்ட பிழை பெயராகிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சரியான புளுகம், சந்தோசம். கடையில் புதன்கிழமை லீவு எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தேன்.

வந்த மூன்றாம் கிழமை நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இந்தியாப் பிள்ளை ஒன்று வந்தது. மெல்லிசு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அது பையைத் தொட்டவுடன் நான் கேட்டேன், பாசத்தில்தான் கேட்டேன்: "ஏன் பிள்ளை, வீட்டில இருந்து காசு அனுப்பேல்லையோ?"

அந்தப் பிள்ளையின் கை அப்படியே நின்றது. "இல்ல ஆன்ட்டி, சும்மா என்னன்னு பாக்கத்தான் வந்தேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டது. பை மேசையில் இருந்தது.

திரும்பி வரும்போது நோர்தேர்ன் லைன் ரெயினில் நீ என்னோடு கதைக்கவில்லை. ஏசினால் நல்லது போல இருந்தது. டூட்டிங் வர ஒரு ஸ்ரேசனுக்கு முந்தி என் கையைப் பிடித்தாய்.

"நீங்கள் கேட்டது பிழையில்லை அம்மா. கேக்கிற மாதிரி நான் மேசையை வைச்சதுதான் பிழை."

எத்தனை முதலாளிமாரிடம் வேலை செய்திருக்கிறேன். ஒருவரும் என் பிழையைத் தங்கள் பிழை என்று எடுத்ததில்லை. நான் பெற்ற பிள்ளையை அன்றைக்கு ரெயினில் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

அடுத்த புதன் நீ சட்டத்தை மாற்றினாய். அறைக்குள் வருகிற எல்லாரும் ஒரு பை எடுக்க வேண்டும். கொமிற்றியும் எடுக்க வேண்டும். டான்ஸ் பழக வந்த பிள்ளைகள், அறை கூட்டுகிற மனுசி, நான், நீ. தேவையில்லாதவர்கள் அடுத்த கிழமை அதே பையைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைக்கலாம். தேவையானவர்கள் வைத்துக்கொள்ளலாம். திருப்பித் தந்தாயா என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கக்கூடாது. பையில் பெயரும் இருக்கக்கூடாது, எந்தக் கடைப் பையென்றாலும் சரி.

நீயும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் கத்தினேன். "நாங்கள் கொண்டுபோன அரிசியை நாங்களே காவிக்கொண்டு வாறதோ? விசரே உனக்கு?"

"எல்லாரும் வரிசையில நிண்டால் ஆர் என்னத்துக்கு நிக்கினம் எண்டு ஆருக்கும் தெரியாது அம்மா."

இரண்டு கிழமை கழித்து அந்த இந்தியாப் பிள்ளை வந்தது. உனக்கும் அறை கூட்டுகிற மனுசிக்கும் நடுவில் நின்று, எதற்கோ பெரிதாகச் சிரித்துக்கொண்டு நின்றது. என்னைக் கண்டதும் "ஆன்ட்டி, உங்க பை எங்க?" என்று கேட்டது. நான் என் பையைத் தூக்கிக் காட்டினேன். அரிசிப் பை ஒன்றைத் தூக்கிக் காட்டியதில் எனக்கு ஏன் அழுகை வந்ததென்று நீ கேட்கவில்லை. நீ எதையும் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை.

அந்த வருசம் பங்குனிக் கடைசியில் உன் தலைக்குள் நரம்பு வெடித்தது. மூன்று நாள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இரண்டு கிழமைக்கு முந்தி அபிரா வீட்டுக்கு வந்தாள். உனக்குப் பிறகு இப்போது அவள்தான் தலைவி. உன் திவசத்துக்குச் சங்கப் பிள்ளைகள் சேர்ந்து செய்வித்ததென்று ஒரு துணிப்பை கொண்டு வந்தாள். வெள்ளைத் துணி, நடுவில் உன் படம், நீ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். கீழே உன் முழுப்பெயர், தமிழிலும் இங்கிலீசிலும். இங்கிலீசில் நான் எழுதப் பழகிய முதல் சொல் உன் பெயர்தானே, உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற போமில் எழுத.

"இனி எல்லாப் பையும் இப்படித்தான் அன்ரி. ஒவ்வொரு புதனும் அக்கான்ர பேர் போகும்."

அப்பா அந்தப் பையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "வடிவாயிருக்கு" என்றார். நீ போன பிறகு அவர் வடிவென்று சொன்ன முதல் பொருள் அது. எனக்கும் வேண்டும் போல இருந்தது, குஞ்சம்மா. வேண்டும் போல என்றால், வாய் காய்ந்து போகிற அளவுக்கு. லண்டன் முழுக்க உன் பெயர் திரியும். உன்னை ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

அபிரா கதைத்து முடிக்கட்டும், அப்பா கதைத்து முடிக்கட்டும் என்று நிலத்தில் இருந்தேன், நீ இருந்த அதே இடத்தில். எல்லாரும் முடித்த பிறகு சொன்னேன்.

"பிள்ளை, இந்தப் பையோட ரியூப் ரெயினில ஏறினால் எல்லாருக்கும் தெரியுமெல்லோ, அது எங்க இருந்து வருகுதெண்டு."

அபிராவின் முகம் மாறியது. "நான் யோசிக்கேல்ல அன்ரி" என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "நானும் கனநேரம் ஓம் எண்டு சொல்லத்தான் இருந்தனான்" என்றேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்கு இரவு சாப்பிடவும் இல்லை. அந்த ஒரு பை அவரிடம் இருக்கிறது. இப்போது அதில்தான் வேலைக்குச் சாப்பாடு கொண்டு போகிறார். படத்தை உள்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போகிறார்.

நேற்றுப் புதன்கிழமை. நீ போன பிறகு முதல்தரம் அந்த அறைக்குப் போனேன். உன்னைத் தெரியாத புதுப் பிள்ளைகள்தான் கனபேர். சுண்டு அதே சுண்டு, கைதான் வேறு. ஒரு பிள்ளை தன் பையைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்தது, இன்னொன்று வெறுங்கையோடு வந்து எடுத்தது. ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதை நீ எப்படியோ அந்த அறைக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாய். உன் பெயர் எங்கும் இல்லை. அந்த அறை முழுக்க நீதான் நின்றாய்.

தூள் பைக்கற்றுகளைக் குடுத்துவிட்டு வெளிக்கிட்டேன். அபிரா மறித்தாள். "எங்க போறியள்? வரிசையில வாங்கோ. இது அக்கான்ர சட்டம்." நின்றேன். வாங்கினேன். இரட்டை முடிச்சு. அவர்களும் அதைத்தான் போடுகிறார்கள்.

இப்போது மேல்தட்டில் இரண்டு பை இருக்கிறது. நேற்றையதை வருகிற புதன் திருப்பிக் கொண்டு போவேன். உன்னுடையதை அப்போதே திருப்பியிருக்க வேண்டும், ஒரு வருசமாக நான் திருப்பவில்லை. உன் பிள்ளைகளில் ஒருவரும் என்னிடம் கேட்கவும் இல்லை. வரிசையில் என்னைக் கண்டால், நான் குடுக்க வந்தனானோ வாங்க வந்தனானோ எண்டு உனக்குத் தெரியுமோ, குஞ்சம்மா?